தோற்றவர் பக்கம் உட்கார்ந்து பார்த்த செஸ் கணங்கள்

கடைசிவரிசை:

குகேஷ் உலக சாம்பியன் ஆன அந்த 14வது ஆட்டத்தின் கடைசிப் பகுதியை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். ஆளுக்கு 6.5 புள்ளி. அந்த ஆட்டம் டிரா ஆகியிருந்தால் மறுநாள் ரேபிட் டைபிரேக்கர், அதாவது குறைந்த நேர ஆட்டங்களில் முடிவு. அதுவரை சாம்பியனாக இருந்த சீனாவின் டிங் லிரென் 55வது நகர்த்தலாக யானையை எஃப்2 கட்டத்தில் வைத்தார். குகேஷ் போர்டைப் பார்த்தார். அப்புறம் கண் விரிந்தது. 18 வயசுப் பையன் அடக்கப் பார்த்தும் அடங்காமல் வந்த சிரிப்பு அது. பின்னால் அழுகை. அழுதுகொண்டே காய்களை எடுத்துப் பழையபடி வரிசையாக அடுக்கினான். எனக்கும் கண் கலங்கியது. அதெல்லாம் நீங்களும் பார்த்ததுதான்.

ஒரு நாள் ராத்திரி அதே வீடியோவை மறுபடி ஓடவிட்டபோது என் கண் தானாக எதிர்ப்பக்கம் போனது. டிங் வைத்துவிட்ட யானை அங்கேதான் நிற்கிறது. அவருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. இனி திரும்ப எடுக்க முடியாது. தலை கவிழ்கிறது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, தாளில் கையெழுத்துப் போட்டு, கை குலுக்கிவிட்டு எழுந்து போகிறார். பத்திரிகையாளர் சந்திப்பில், பிசகு தெரிந்ததும் அதிர்ச்சியாக இருந்தது என்றார். ஆனால் அந்த வருஷத்தில் தான் ஆடியதிலேயே இதுதான் நல்ல போட்டி, வருத்தம் இல்லை என்றும் சொன்னார். சாம்பியன் ஆன பிறகு மனச்சோர்வில் சிக்கியதை வெளிப்படையாகப் பேசிய மனிதர் அவர். பல மாதமாக கிளாசிக்கல் எனும் நீண்ட நேர ஆட்டம் ஒன்றுகூட ஜெயிக்காமல் சிங்கப்பூர் வந்து, முதல் ஆட்டத்தையே கறுப்புக் காயில் ஜெயித்தார்.

ஜெயித்தவர் கதை எல்லாருக்கும் தெரியும். எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரை நினைத்தால் உங்களுக்கு வரும் கணம் எது? எழுதுங்கள். எந்தக் காலமானாலும் சரி.

*

எட்டாம்கட்டம்:

எனக்கு யோசிக்கவே வேண்டாம். ரஷ்ய ஆட்டக்காரர் சிகோரின். ஹவானா, 1892, உலகப் பட்ட மேட்ச்.

ஸ்டைனிட்ஸ்தான் அப்போது சாம்பியன். பத்து ஆட்டம் ஜெயித்தால் பட்டம். 22 ஆட்டம் முடிந்த நிலையில் ஸ்டைனிட்ஸ் 9, சிகோரின் 8. 23வது ஆட்டத்தில் சிகோரினுக்கு வெள்ளை. கிங்ஸ் கேம்பிட் ஆடினார். அவருக்கு ரொம்பப் பிடித்த ஓபனிங் அது. ஒரு காய் கூடுதலாகப் பிடித்து, ஜெயித்துவிட்ட நிலைதான். ஜெயித்தால் 9க்கு 9.

இந்த இடத்தைப் போர்டில் வைத்துப் பாருங்கள். ஸ்டைனிட்ஸின் இரண்டு யானைகளும் ஏற்கெனவே வெள்ளையின் இரண்டாம் வரிசைக்குள் வந்து நிற்கின்றன. சிகோரினின் ராஜா மூலையில். ராஜாவுக்குப் பக்கத்தில் ஹெச்2 சிப்பாய். அந்தச் சிப்பாய்க்குக் காவல் டி6இல் நிற்கும் பிஷப். அது அங்கேயே நிற்கும்வரை ஒன்றும் ஆகாது. 32வது நகர்த்தலில் சிகோரின் அந்த பிஷப்பையே தூக்கி பி4இல் வைத்தார். யானை ஹெச்2ஐ வெட்டி செக். ராஜா நகர்ந்தால் அடுத்த யானை ஜி2இல் மேட். அவ்வளவுதான். மேட்ச் 10-8, ஐந்து டிரா.

அவருக்கு வயது நாற்பத்தியொன்று. 1889இல் அதே ஊரில் அதே ஆளிடம் ஒரு தடவை தோற்றவர். மூன்றாவது வாய்ப்பு வரவே இல்லை. ஹவானாவில் மண்டபம் நிரம்பக் கூட்டம். அந்தக் கூட்டம் அவர் பக்கம் என்று படித்திருக்கிறேன். அந்த பிஷப்பைக் கையில் எடுத்த நொடியில் அவர் மனசில் என்ன ஓடியது என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

*

நெல்லை_வாசகன்:

இழை நல்ல இழைதான். ஆனால் ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். டிங் பிசகினார், டிங் பிசகினார் என்று திரும்பத் திரும்பச் சொல்லும்போது, குகேஷுக்குப் பட்டம் தானாக மடியில் விழுந்த மாதிரி ஆகிவிடுகிறது. அன்றைக்கே சில பெரிய ஆட்கள் அப்படித்தான் பேசினார்கள். முன்னாள் உலக சாம்பியன் க்ராம்னிக், நமக்குத் தெரிந்த சதுரங்கத்தின் முடிவு இது என்றே எழுதினார். ஒரு உலகப் பட்டம் இப்படிக் குழந்தைத்தனமான பிசகில் முடிவானதே இல்லை என்றார். எனக்கு அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

அந்தப் பையன் என்ன செய்தான்? ஒரே ஒரு சிப்பாய் கூடுதல். ராஜா பக்கம் இரண்டுக்கு ஒன்று. யானையும் பிஷப்பும் இரண்டு பேருக்கும் இருக்கின்றன. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கை குலுக்கி டிரா என்று எழுந்துபோகிற நிலை. இவன் எழுந்து போகவில்லை. நாலு மணி நேரம் உட்கார்ந்து, ஒவ்வொரு நகர்த்தலிலும் எதிராளியை ஒரு சின்னக் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் ஒரு கேள்விக்குத் தப்பான பதில் வந்தது. தப்பான பதில் வரும்வரை கேட்டவன்தானே ஜெயித்தவன்?

*

கடைசிவரிசை:

நெல்லை அண்ணாச்சி, உங்கள் கோபம் எனக்கும் உண்டு. நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. நான் பிசகைச் சொன்னது குகேஷின் வெற்றியைக் குறைக்க இல்லை. எட்டாம்கட்டம் மேலே எழுதியதைப் பாருங்கள். ஒரே நகர்த்தலில் உலகப் பட்டம் கைவிட்டுப் போவது 1892லேயே நடந்திருக்கிறது. நடந்ததே இல்லை என்ற பேச்சுக்கு அதுவே பதில்.

இன்னொன்றும் இருக்கிறது. க்ராம்னிக்கே 2006 நவம்பரில், ஜெர்மனியின் பான் நகரத்தில் டீப் ஃபிரிட்ஸ் கணினியோடு ஆடியபோது ராணியை இ3க்குக் கொண்டுபோனார். அடுத்த நகர்த்தலில் கணினி ஹெச்7இல் மேட் வைத்தது. ஒரே நகர்த்தல் மேட். அப்போது அவர் உலக சாம்பியன். நேரம் நெருக்கவில்லை. யோசித்துத்தான் ஆடினார், எழுந்து நடக்கவும் ஆரம்பித்தார். இதைக் குத்திக் காட்டச் சொல்லவில்லை. நான் மதிக்கும் ஆட்டக்காரர்களில் அவர் முக்கியமானவர். இந்தப் பிசகு எவரையும் விட்டதில்லை என்பதற்காகச் சொல்கிறேன். மணிக்கணக்காக ஒரு ஆபத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும் கண்ணுக்கு, பக்கத்திலேயே இருக்கும் இன்னொன்று தெரியாமல் போய்விடுகிறது.

*

ராஜி_சேலம்:

நான் செஸ் ஆடுகிறவள் இல்லை. என் பையன் ஆடுகிறான், பத்து வயசு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஏதாவது ஒரு ஊரில், ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்திலோ காலேஜ் ஹாலிலோ போட்டி இருக்கும். அம்மா அப்பாக்களை உள்ளே விடமாட்டார்கள். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி, ஃபிளாஸ்க்கில் பால், மடியில் பை. கதவு திறந்து பிள்ளைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும்போது முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். ஜெயித்தவன் தூரத்திலிருந்தே விரலைக் காட்டுவான். தோற்றவன் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டே வருவான். செருப்பு கண் முன்னால் இருந்தாலும் தேடுவான்.

அந்த 14வது ஆட்டத்தை என் பையன் போர்டில் வைத்துக் காட்டினான். யானை எஃப்2 வைத்ததில் என்ன தப்பு என்று கேட்டேன். "அம்மா, வெள்ளை பிஷப் எங்க இருக்கு பாரு" என்றான். இடது பக்கம் மேல் மூலையில், ஏ8இல் ஒண்டிக்கொண்டு நின்றது. "யானையை யானை வெட்டும், ராஜா திருப்பி வெட்டும். உடனே கறுப்பு பிஷப் டி5க்கு வரும். மூலையில இருக்கிறதுக்கு ஓட வழி கிடையாது, வெட்டித்தான் ஆகணும். அப்புறம் ரெண்டு ராஜாவும் சிப்பாயும்தான். ஒரு சிப்பாய் கூட இருக்கிறவன் ஜெயிச்சிடுவான்" என்றான். எனக்கே புரிந்துவிட்டது. பிஷப் வேறு எந்தக் கட்டத்தில் இருந்திருந்தாலும் தப்பித்திருப்பார் போல.

போன மாதம் ஒரு போட்டியில் அவன் ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை விட்டுவிட்டான். வழக்கமாக பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான், வீடு வரும்வரை வாய் திறக்க மாட்டான். அன்றைக்கு ஆத்தூர் தாண்டியதும், "டிங்கும் இப்படித்தானே போனாரு" என்று கேட்டான். ஆமாம்டா கண்ணு என்றேன். அப்புறம் முறுக்கு கேட்டுச் சாப்பிட்டான். இந்த இழையைப் பார்த்ததும் அதுதான் ஞாபகம் வந்தது. தொடர்ந்து எழுதுங்கள், நான் படித்து அவனுக்குச் சொல்கிறேன்.

*

பழைய மெட்ராஸ்காரன்:

ராஜி அம்மா எழுதியதைப் படித்ததும் நானும் எழுதத் தோன்றிவிட்டது. எனக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. மெட்ராஸில் சோவியத் கலாசார மையத்தில் டால் செஸ் கிளப் இருந்தது, மிகைல் டால் பெயரில். 1972இல் மானுவேல் ஆரோன் முயற்சியில் ஆரம்பித்தது. இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் அவர், 1961இல் பட்டம் வாங்கியவர். அந்தக் கிளப்பில் பிளிட்ஸ் ஆடினால் ஜெயித்தவர் உட்கார்ந்திருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். ஆனந்த் சின்னப் பையனாக அங்கே வந்து ஆடியது ஊரறிந்தது. அவர் உட்கார்ந்துவிட்டால் மற்றவர்களுக்கெல்லாம் வரிசைதான். எனக்கும் வரிசைதான் அதிகம்.

என் கணம் அதே 1972. ரெய்க்யவிக், ஸ்பாஸ்கி - ஃபிஷர். ரேடியோவிலும் பேப்பரிலும் வருகிற துண்டுச் செய்திதான் நமக்கு. எல்லாரும் ஃபிஷர் பைத்தியமாக இருந்தோம். முதல் ஆட்டத்தில் ஃபிஷர் பிஷப்பால் ஹெச்2 சிப்பாயை வெட்டி மாட்டிக்கொண்டு தோற்றார். இரண்டாவது ஆட்டத்துக்கு வரவே இல்லை. கேமரா சத்தம் என்று புகார். ஸ்பாஸ்கி 2-0.

அந்த நேரம் ஸ்பாஸ்கி பெட்டியைக் கட்டிக்கொண்டு மாஸ்கோ போயிருந்தால் பட்டம் அவரிடமே இருந்திருக்கும். யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அதுவரை ஃபிஷர் அவரை ஒரு ஆட்டத்தில்கூட ஜெயித்ததில்லை. அப்படிப்பட்டவர், மூன்றாவது ஆட்டத்தை மேடையில் இல்லாமல் பின்னால் ஒரு அறையில் ஆட வேண்டும் என்று ஃபிஷர் கேட்டபோது சரி என்றார். ஆட வேண்டும் என்ற ஆசைதான். அந்த அறையில் ஃபிஷர் ஜெயித்தார். அங்கிருந்து மேட்ச் திரும்பியது.

ஆறாவது ஆட்டம் இன்னும் பெரிசு. எப்போதும் ராஜா சிப்பாயைத் தள்ளுகிற ஃபிஷர் அன்றைக்கு க்வீன்ஸ் கேம்பிட் ஆடினார், ஸ்பாஸ்கிக்கு நன்றாகத் தெரிந்த டார்டகோவர் வகையில். ஆட்டம் முடிந்ததும் கூட்டம் கை தட்டியது. தோற்ற ஸ்பாஸ்கியும் நின்று கை தட்டினார். உலக சாம்பியன், அத்தனை பெரிய தேசம் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, அந்த நிலையில் எதிராளியின் ஆட்டம் அழகாக இருந்தது என்று கை தட்டினார். கடைசியில் 12.5 - 8.5. 21வது ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டிருந்தது. போர்டுக்கு வராமல் போனிலேயே தோல்வியை ஒப்புக்கொண்டார்.

ஊருக்குப் போனதும் அவருக்கு நல்ல வரவேற்பு இல்லை. அடுத்த வருஷமே, 1973இல், சோவியத் சாம்பியன்ஷிப்பை ஜெயித்தார். கார்போவ், டால், பெட்ரோசியன், கேரஸ் எல்லாரும் ஆடிய போட்டி அது. 2025 பிப்ரவரியில் அவர் இறந்த செய்தி வந்தபோது எனக்கு அந்த ஜெயித்த ஆட்டங்கள் ஒன்றுமே ஞாபகம் வரவில்லை. அந்தக் கை தட்டல்தான் ஞாபகம் வந்தது.

*

தவம்_வான்கூவர்:

மெட்ராஸ்கார ஐயா கேரஸ் என்ற பெயரைச் சொன்னபடியால் நான் எழுத வேண்டி வந்துவிட்டது. கனநாளாக இங்கே வாசிக்கிறனான், எழுதுவது குறைவு.

பால் கேரஸ் எஸ்தோனியாக்காரர். சின்ன நாடு. 1940இல் சோவியத் படை, 1941இல் ஜெர்மன் படை, 1944இல் திரும்பவும் சோவியத் படை. இரண்டு பெரிய சேனைகளுக்கு நடுவில் ஊர் அகப்பட்டால் ஒரு மனிதனுடைய இருபத்தைந்து முதல் முப்பது வயது எப்படிப் போகும் என்று எங்கட ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1938இல் ஹாலந்தில் நடந்த ஆவ்ரோ போட்டியில் ரூபன் ஃபைனோடு முதலிடம். போட்வின்னிக், அலெக்கின், கபாபிளாங்கா எல்லாரும் பின்னால். அடுத்த சாம்பியன் இவர்தான் என்று பேசப்பட்ட நேரம் யுத்தம் வந்தது.

1948இல் உலகப் பட்டத்துக்கான போட்டியில் போட்வின்னிக்கோடு ஐந்து ஆட்டம். முதல் நான்கும் தோல்வி. பட்டம் போட்வின்னிக்குக்கு உறுதியான பிறகு ஐந்தாவதை ஜெயித்தார். அது ஏன் அப்படி நடந்தது என்று இன்றைக்கும் ஆட்கள் வாதாடுகினம். நான் அதற்குள் போகவில்லை. அதற்குப் பிறகு 1953, 1956, 1959, 1962, சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் நான்கு கேண்டிடேட்ஸ் போட்டியிலும் இரண்டாம் இடம், சிலதில் பகிர்ந்து. குராசாவோ 1962இல் அரைப் புள்ளி குறைவு. கடைசிக்கு முதல் ஆட்டத்தில் பென்கோவிடம் தோற்றார். பெட்ரோசியன் 17.5, கேரஸ் 17.

1975இல் இங்கே வான்கூவருக்கு வந்து ஒரு போட்டியில் முதலிடம் பெற்றார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஹெல்சிங்கியில் மாரடைப்பில் போய்விட்டார். தாலினுக்குப் போய்ச் சேரவில்லை. அவருடைய நினைவாக இந்த ஊரில் பல வருடமாகப் போட்டி நடத்துகினம். என் மகள் முதல் போட்டி ஆடியது அதில்தான். எஸ்தோனியா திரும்பத் தனி நாடு ஆனதும் தங்களுடைய 5 குரோன் நோட்டில் கேரஸின் படத்தைப் போட்டார்கள். உலக சாம்பியன் ஆகாத ஒருவர். ஒரு தாளை எனக்குத் தெரிந்த எஸ்தோனியப் பெரியவர் ஒருவர் தந்தார். வடிவாகக் கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

*

எட்டாம்கட்டம்:

தவம் அண்ணா, அந்த நோட்டின் கதை தெரியும், இவ்வளவு கிட்டத்தில் கேட்டதில்லை. நன்றி.

இரண்டாம் இடம் என்றால் ப்ரான்ஸ்டைனை விட முடியுமா? 1951 மாஸ்கோ. உலகப் பட்டத்துக்காக சாம்பியன் போட்வின்னிக்கோடு 24 ஆட்டம். 22 முடிந்ததும் ப்ரான்ஸ்டைன் ஒரு புள்ளி முன்னால். 23 தோல்வி, 24 டிரா. 12-12. சமம் என்றால் பட்டம் பழைய சாம்பியனுக்கே.

23வது ஆட்டத்தைத்தான் எல்லாரும் பேசுவார்கள். எனக்கு ஆறாவது ஆட்டம். டிரா ஆக வேண்டிய நிலை. ரொம்ப நேரம் யோசித்து, ராஜாவை சி2க்குக் கொண்டுபோனார். போட்வின்னிக் ராஜாவை ஜி3க்கு நகர்த்தியதும் சிப்பாயைத் தடுக்க வழியில்லை. அங்கேயே தோல்வி. இத்தனைக்கும் அவசரத்தில் ஆடியதில்லை. அந்த அரைப் புள்ளி இருந்திருந்தால் 12.5. அவருடைய அப்பா சிறை முகாமில் இருந்து வந்தவர். அந்தச் சூழலில் உட்கார்ந்து ஆடினார். தோற்கச் சொல்லி நெருக்கினார்களா என்று வாழ்நாள் முழுக்கக் கேட்டார்கள். நேரடியான ஆமாம் இல்லை என்ற பதில் அவரிடமிருந்து வரவில்லை.

*

கறுப்புக்குதிரை:

எல்லாரும் நல்ல தோல்வியாளர்களையே சொல்கிறீர்கள். கை தட்டியவர், அமைதியாகப் போனவர். தோல்வியை ஒத்துக்கொள்ளவே ஒத்துக்கொள்ளாத ஒருவரை நான் சொல்கிறேன். விக்டர் கோர்ச்னோய். எனக்கு அவரைத்தான் ரொம்பப் பிடிக்கும்.

1976இல் ஆம்ஸ்டர்டாம் போட்டி முடிந்ததும் சோவியத் ஒன்றியத்துக்குத் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டார். மனைவியும் மகனும் சோவியத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். 1978இல் பிலிப்பைன்ஸின் பாகியோவில் கார்போவோடு உலகப் பட்ட மேட்ச். டிராக்களுக்குக் கணக்கில்லை, ஆறு வெற்றி யாருக்கு முதலில் வருகிறதோ அவருக்குப் பட்டம். கார்போவுக்குக் கொடுத்தனுப்பிய தயிர்க் கோப்பையில் ரகசியச் சேதி இருக்கிறது என்று சண்டை. கூட்டத்தில் உட்கார்ந்து முறைத்துப் பார்க்கும் மனோதத்துவ நிபுணர் சுகார் மேல் புகார். கோர்ச்னோய் ஒளியைத் திருப்பி அடிக்கும் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார், அந்தக் கண்ணாடி மேலும் புகார். இதையெல்லாம் வேடிக்கையாகத்தான் எழுதுவார்கள். ஆனால் நடுவில் ஆட்டத்தைப் பாருங்கள். 5-2 என்று பின்தங்கி, இன்னும் ஒன்று தோற்றால் முடிந்தது என்ற இடத்திலிருந்து நாலு ஆட்டத்தில் மூன்றை ஜெயித்து 5-5 ஆக்கினார். அப்போது அவருக்கு 47 வயது, கார்போவுக்கு 27. 32வது ஆட்டத்தில் தோற்றார். 1981 மெரானோவில் மறுபடி தோற்றார்.

பிறகும் நிறுத்தவில்லை. 2011 ஜிப்ரால்டரில், 80 வயதுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, 18 வயது ஃபாபியானோ கருவானாவைக் கறுப்புக் காயில் தோற்கடித்தார். கருவானா அப்போதே ரேட்டிங்கில் 2700ஐத் தாண்டியவர். அந்த ஆட்டத்தை வைத்துப் பாருங்கள். எண்பது வயசுக் கை என்று எங்கேயும் தெரியாது.

அப்படியே நம் ஊர்ப் பக்கம் ஒன்று. 2010 சோஃபியா, ஆனந்த் - டோபலோவ் உலகப் பட்ட மேட்ச். ஐஸ்லாந்து எரிமலைப் புகையால் விமானம் இல்லாமல் ஆனந்த் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சுமார் 40 மணி நேரம் ரோட்டிலேயே போனார். மூன்று நாள் கேட்டதற்கு ஒரு நாள் தள்ளிவைத்தார்கள். முதல் ஆட்டம் தோல்வி. அதெல்லாம் நமக்கு மனப்பாடம். கடைசி ஆட்டத்தில் டோபலோவ் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். சொந்த நாடு, வெள்ளைக் காய், 5.5 - 5.5. டிரா என்றால் ரேபிட். ரேபிடில் எதிரே ஆனந்த். அதனால் எப்படியாவது இங்கேயே முடிக்க வேண்டும். 32வது நகர்த்தலில் எஃப் சிப்பாயால் இ4ஐ வெட்டினார், அவர் ராஜாவின் கதவு திறந்துகொண்டது. ஆனந்த் உள்ளே புகுந்துவிட்டார். நாளைக்கு ஆனந்தோடு ரேபிட் ஆட வேண்டுமே என்ற பயம் இன்றைக்கே ஒரு சிப்பாயை நகர்த்தியது என்றுதான் நான் நம்புகிறேன். நெல்லை சொன்னது இங்கேயும் பொருந்தும். அந்தப் பயத்தை இருபது வருஷமாக வேகமாக ஆடிச் சம்பாதித்தவர் ஆனந்த்.

*

ராஜி_சேலம்:

எல்லாம் படித்துச் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பெண் குழந்தையும் கூட உட்கார்ந்து கேட்டது. "எல்லாம் அண்ணன்களாவே இருக்காங்களே ஆன்ட்டி" என்றாள். நியாயம்தானே? பெண்கள் யாரும் இல்லையா?

*

கடைசிவரிசை:

அந்தப் பாப்பா கேட்டது என் மீதான குறை, நான்தான் ஆரம்பத்திலேயே யோசித்திருக்க வேண்டும். அவளுக்கு வேரா மென்சிக் கதையைச் சொல்லுங்கள்.

1927இல் முதல் பெண்கள் உலக சாம்பியன். சாகும்வரை அந்தப் பட்டத்தை யாரும் அவரிடமிருந்து வாங்க முடியவில்லை. 1929 கார்ல்ஸ்பாட் போட்டிக்கு அவரை அழைத்தார்கள். மொத்தம் 22 பேர், மற்ற 21 பேரும் ஆண்கள். ஆல்பர்ட் பெக்கர் என்ற வியன்னா ஆட்டக்காரர், இவரிடம் தோற்கிறவர்களை எல்லாம் வேரா மென்சிக் கிளப்பில் சேர்க்கலாம் என்று கேலி பேசினார். முதல் உறுப்பினர் அவரே ஆனார். ஸேமிஷ் என்ற இன்னொரு ஆட்டக்காரரும் அங்கே அவரிடம் தோற்றார். பிற்காலத்தில் மாக்ஸ் யூவ, சாமுவேல் ரெஷெவ்ஸ்கி, நம் பஞ்சாபிலிருந்து போன மீர் சுல்தான் கான் எல்லாரும் அந்தக் கிளப்பில் சேர்ந்தார்கள்.

பலரும் அந்தக் கேலிக் கதையோடு நிறுத்திவிடுவார்கள். அந்தக் கார்ல்ஸ்பாட் போட்டியில் மென்சிக் கடைசி இடம். 21 ஆட்டத்தில் 3 புள்ளி. பதினேழு ஆட்டம் தோல்வி. ஒரு மாதம் முழுக்கத் தினம் தினம் காலையில் எழுந்து, தலை வாரி, அந்த மண்டபத்துக்குப் போய், எதிரே சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவரோடு ஆடி, தோற்று, மறுநாள் மறுபடி போவது. அந்தப் பதினேழு நாளும்தான் எனக்குப் பெரிசாகத் தெரிகிறது. 1944 ஜூனில் லண்டனில் வீட்டின் மேல் ஜெர்மன் பறக்கும் குண்டு விழுந்து, அம்மாவோடும் தங்கையோடும் இறந்துபோனார். அப்போதும் அவர்தான் சாம்பியன்.

*

நெல்லை_வாசகன்:

சுல்தான் கான் பெயர் வந்ததால் ஒரு வரி. பஞ்சாபின் மிட்டா திவானா கிராமத்துக்காரர். நம் நாட்டு முறைச் சதுரங்கம் ஆடி வளர்ந்தவர், அதில் சிப்பாய்க்கு முதல் நகர்த்தலில் இரண்டு கட்டம் கிடையாது. மேல்நாட்டு விதிகளைப் பிற்பாடு கற்றுக்கொண்டு போய் 1929, 1932, 1933 மூன்று வருஷம் பிரிட்டிஷ் சாம்பியன். ஹேஸ்டிங்ஸில் கபாபிளாங்காவையே தோற்கடித்தார். 1933 கடைசியில் ஊர் திரும்பினார், பெரிய போட்டி பக்கம் அப்புறம் போகவில்லை. அவரை வேலைக்காரர் என்றே மேல்நாட்டுப் புத்தகங்கள் எழுதிவந்தன. அவருடைய பேத்தி அதை மறுத்து எழுதினார். 1966இல் இறந்தார். கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் 2024இல்தான் வந்தது. 58 வருஷம் கழித்து.

முதலில் கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன். அதற்காக வருத்தமில்லை, ஆனால் இழை நான் பயந்த பக்கம் போகவில்லை. இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. 2013இல் சென்னையில் ஆனந்த் கார்ல்சனிடம் பட்டத்தை இழந்தபோது, பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்து கண்ணாடி அறைக்குள் பார்த்துக்கொண்டிருந்த ஏழு வயசுப் பையன் குகேஷ். அவனே சொன்னது இது. அன்றைக்கு அவன் பார்த்தது ஆனந்த் தோற்றதை.

*

ராஜி_சேலம்:

நேற்று ராத்திரி பையன் சிகோரின் நிலையைப் போர்டில் வைத்தான். பக்கத்து வீட்டுப் பாப்பாவும் வந்திருந்தாள். பிஷப்பை அவளை நகர்த்தச் சொல்லிவிட்டு, இவன் யானையை எடுத்து மேட் வைத்தான். மறுபடி பிஷப்பை டி6இல் வைத்து, அது அங்கேயே இருந்தால் யானையால் ஒன்றும் பண்ண முடியாது என்று அவளுக்குக் காட்டினான். அவள், "பாவம், அந்தத் தாத்தா மறுநாள் என்ன பண்ணாரு?" என்று கேட்டாள். இவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. எட்டாம்கட்டம் தம்பி, தெரிந்தால் சொல்லுங்கள்.

*

எட்டாம்கட்டம்:

அக்கா, மறுநாள் என்ன செய்தார் என்று சொல்ல முடியாது. மறுவருஷம் தெரியும். 1893இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் டார்ராஷோடு ஒரு மேட்ச் ஆடினார். அன்றைய ஐரோப்பாவில் டார்ராஷ் என்றால் எல்லாரும் நடுங்குவார்கள். 22 ஆட்டம், ஆளுக்கு ஒன்பது வெற்றி, 11-11.

அப்புறம் 1895 ஹேஸ்டிங்ஸ். லாஸ்கர், ஸ்டைனிட்ஸ், டார்ராஷ் எல்லாரும் ஒரே மண்டபத்தில். சிகோரின் இரண்டாம் இடம், முதலிடத்துக்கு அரைப் புள்ளி குறைவு. முதலிடம் பிடித்தவர் அமெரிக்காவிலிருந்து வந்த புது ஆள் பில்ஸ்பரி. அந்தப் பில்ஸ்பரியை முதல் சுற்றிலேயே தோற்கடித்தவர் சிகோரின்தான். அந்த ஆட்டத்தில் அவர் வெள்ளை. இரண்டாவது நகர்த்தலில் எஃப் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். ஹவானாவில் பிஷப்பை பி4இல் வைத்துத் தோற்றாரே, அதே கிங்ஸ் கேம்பிட்.

முழு ஆட்டத்தையும் ஞாயிற்றுக்கிழமை இங்கே போடுகிறேன், நகர்த்தல் நகர்த்தலாக. பிள்ளைகள் இரண்டு பேரையும் வெள்ளைப் பக்கம் உட்காரச் சொல்லுங்கள்.